பச்சைக் கதவு, போர்டு கிடையாது

தூத்துக்குடியில் இருக்கிற அந்தக் கடையிலிருந்துதான் கல்யாணத்துக்கு மக்ரூன் வாங்க வேண்டும் என்று சம்பந்தி ராஜகுரு போனில் சொல்லிவிட்டார். ஐந்நூறு பாக்கெட். தாம்பூலப் பைக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வண்டி வைத்துக்கொண்டு போகலாம், வழி காட்ட ஜனகராஜ் கூட வந்தால் போதும்.

"வந்துட்டாப் போச்சு சம்பந்தி" என்று ரிசீவரை வைத்த ஜனகராஜுக்குக் காதுக்குப் பின்னால் வேர்த்தது. சிக்கல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அப்படி ஒரு கடையே கிடையாது, அவ்வளவுதான்.

ஜனகராஜ் மதுரை தெற்கு மாசி வீதியில் ஒரு சுங்குடிப் புடவை மொத்தக் கடையில் தலைமை விற்பனையாளர். இருபத்தெட்டு வருடமாக அதே மெத்தை, அதே திண்டு. ராமநாதபுரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் சரக்கெடுக்க வரும் வியாபாரிகள் புடவையைப் புரட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். அந்தக் கதைகளை வைத்துக்கொண்டு அவர் கடற்கரைச் சீமை முழுவதற்கும் அதிகாரியாகிவிட்டார். யார் எந்தக் கடலோரம் போனாலும் முதலில் திருநகரில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

"ராமேஸ்வரத்துல சங்கு வாங்கறப்ப காதுல வச்சுக் கேக்காத. கடைக்காரனப் பேசவிட்டுக் கேளு" என்பார். "கன்னியாகுமரியில பாசிமணிய வெயில்ல வச்சுப் பாக்காத, வெயில்ல எல்லாந்தான் மின்னும்" என்பார். "உடன்குடி கருப்பட்டியக் கடிச்சுப் பாக்குறவன் ஏமாளி, தட்டிப் பாக்குறவன் வியாபாரி" என்பார். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. சொன்ன தோரணை அப்படி.

கடலை அவர் கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். பஸ்ஸில் ஏறினால் திருமங்கலம் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பேங்க் அதிகாரி "தூத்துக்குடியில மக்ரூன் எங்கண்ணே நல்லா இருக்கும்?" என்று கேட்டார். அன்றைக்கென்று ஜனகராஜிடம் சரக்கு இல்லை. ஆனால் மதுரையில், கேட்டவனிடம் தெரியாது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. ஒருவரை வெறுங்கையோடு அனுப்புவதைவிடத் தப்பான வழியில் அனுப்புவது மரியாதை என்பது ஊரின் கொள்கை. ஜனகராஜ் கண்ணை மூடினார். திறந்தபோது கடை தயாராக இருந்தது.

"பழைய ஹார்பர் பக்கம் போற ரோட்டுல இறங்குங்க. வலது கைப்பக்கம் மூணாவது சந்து. உள்ள ஒரு வேப்பமரம். மரத்தத் தாண்டுனா பச்சைக் கதவு. போர்டு கிடையாது. போர்டு இருந்தா அது போலி. மதுரையில இருந்து வாரோம்னு மட்டும் சொல்லுங்க, தனியா உள்ள இருந்து எடுத்துக் குடுப்பான்."

அந்த அதிகாரி திரும்பி வந்து, "அடேயப்பா, என்னா ருசி!" என்றார். ஜனகராஜுக்கே ஆச்சரியம். பிறகு யோசித்துப் பார்த்ததில் விளங்கியது. கடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எந்த மதுரைக்காரன் ஒத்துக்கொள்வான்? பஸ் ஸ்டாண்டில் எதையோ வாங்கிக்கொண்டு வந்து பச்சைக் கதவு என்கிறான். பரவாயில்லை. பொய் சொன்னவனிடம் பொய் சொல்கிறான், கணக்கு நேராகிவிட்டது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் பச்சைக் கதவின் புகழ் ஓகோவென்று பரவியது. ஒருத்தராவது வந்து குறை சொன்னதில்லை.

"இப்பவே போன் பண்ணி உண்மையச் சொல்லிருங்க" என்றாள் மனைவி பத்மாசினி.

"எப்படிச் சொல்றது? வருசா வருசம் போவேன், நாப்பது தடவ போயிருக்கேன்னு நிச்சயதார்த்தத்துல சொன்னேனே."

"மைக்கப் புடிச்சு வேற சொன்னீங்க. கல்யாணமாகி இருபத்தாறு வருசமா ஒரு ராத்திரி வெளியூர்ல படுத்ததில்ல, இதுல நாப்பது தடவ!"

உண்மையைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. ராஜகுரு கூட்டுறவுத் தணிக்கையில் ரிட்டையர் ஆனவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டு இருக்கும். யார் எது சொன்னாலும் தேதி போட்டு எழுதிக்கொள்வார். இதற்கு முன்னால் மகனுக்குப் பார்த்த ஒரு சம்பந்தத்தில், பெண் வீட்டார் எங்கள் கிணற்றுத் தண்ணீர் தேனாக இருக்கும் என்றிருக்கிறார்கள். இவர் ஒரு செம்பு வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கே பொய் சொல்றவுங்க பொண்ணுக்கு என்னென்ன சொல்லியிருப்பாங்க?" என்று எழுந்து வந்துவிட்டார்.

உள்ளறையில் மகள் காவ்யஸ்ரீ ராஜகுருவின் மகனோடு பேசப் போனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாகப் பேசிப் பேசி, சுருள் சுருளாக இருந்த ரிசீவர் வயர் நேராகவே ஆகிவிட்டது. இதில் போய் மக்ரூனால் சம்பந்தம் முறிந்தால்?

ஜனகராஜ் மறுபடி போனை எடுத்தார். "சம்பந்தி, ஞாயித்துக்கிழமை அந்தக் கடை லீவு. மறந்தே போச்சு."

"நல்லதாப் போச்சு" என்றார் ராஜகுரு. "திங்கக்கிழமை வச்சுக்குவோம். என் தம்பி, மச்சினர் எல்லாருக்கும் திங்கக்கிழமைதான் வார லீவு. கார் வேணாம், வேன் சொல்லிடறேன்."

ஒரு காருக்குள் அடங்க வேண்டிய சாட்சிகள் ஒரு வேன் நிறைய ஆனார்கள்.

சாயங்காலமே ஜனகராஜ் திருப்பரங்குன்றம் வேன் ஸ்டாண்டுக்குப் போய், சம்பந்தி பேசிவைத்திருந்த வேனின் டிரைவர் பேயாண்டியைப் பிடித்தார்.

"தம்பி, திங்கக்கிழமை வண்டி ரிப்பேர்னு சொல்லிரு."

"நல்லா இருக்கேண்ணே! எம் புள்ளைக்குக் காய்ச்சல்னு வேணா சொல்றேன். வண்டிக்கு ஒண்ணுன்னு சொன்னா ஸ்டாண்டுல ஒரு பய கூப்புட மாட்டான்."

"சரி, போற வழியில பாதை தெரியாம சுத்திரு. பொழுது சாஞ்சா திரும்பிடுவோம்."

பேயாண்டியின் முகம் மலர்ந்தது. "அதுக்கு நடிக்கவே வேணாம்ணே. நான் கொடைக்கானல் லைன். அந்தப் பக்கம் பாதையே தெரியாது. சம்பந்திகிட்டயும் சொல்லிட்டேன். அவரு, ஜனகராஜுக்குத் தூத்துக்குடி தெருத்தெருவா அத்துப்படி, அவர முன் சீட்டுல ஒன் பக்கத்துல உக்கார வச்சுக்கன்னுட்டாரு."

ஆக, தொலைந்து போகும் பொறுப்பும் ஜனகராஜ் தலையிலேயே விழுந்தது.

திங்கட்கிழமை காலை முன் சீட்டில், மடியில் நான்கு எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்தார். திருமங்கலம் ரயில்வே கேட் வருவதற்குள் நான்கையும் முகர்ந்து முடித்துவிட்டார். கேட் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓரமாகக் குனிந்தார்.

"நாப்பது தடவ போன ஆளுக்கா இப்படி?" என்றார் ராஜகுரு, முதுகைத் தடவிக்கொண்டே.

"நான் எப்பவும் ரயில்லதான் சம்பந்தி போவேன். இந்த ரோடு நமக்குப் பழக்கமில்ல."

"ரயிலா?" ராஜகுரு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். "அப்ப பேயாண்டி, நீ தூத்துக்குடி ஸ்டேஷன் வாசலுக்கு மட்டும் கேட்டுப் போயிரு. அங்கிருந்து சம்பந்தி கண்ணக் கட்டிவிட்டாலும் கூட்டிப் போயிருவாரு."

வேன் மறுபடி கிளம்பியது. பின்னால் இருந்து பத்மாசினி அவர் தோளைக் கிள்ளினாள். சாதாரணமாகக் கடைத்தெருவில் ஏதாவது ரகசியம் பேச வேண்டுமென்றால் இருவரும் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொள்வார்கள். எதிரே இருப்பவர் விழிப்பார். இந்த வேனிலோ டிரைவரைத் தவிரப் பன்னிரண்டு பேருக்கும் அதுதான் வீட்டு மொழி. தமிழில் பேசினால் டிரைவருக்கும் சேர்த்துப் புரியும். ரகசியம் பேச உலகத்தில் மொழியே மிச்சமில்லாததால் பத்மாசினி கிள்ளிக்கொண்டே வந்தாள்.

சாத்தூர் தாண்டியதும் ஜனகராஜுக்கு ஒரு யோசனை. "மொதல்ல திருச்செந்தூர் போயி முருகனப் பாத்துட்டு, சாவகாசமா சாயங்காலம் கடைக்கு வருவோமே? நல்ல காரியம் பாருங்க."

"அது நல்ல பேச்சு" என்றாள் சம்பந்தியம்மாள் ஹம்சவேணி.

ராஜகுரு நோட்டைப் புரட்டினார். "பிப்ரவரி பதினாலு, நிச்சயதார்த்தம். நீங்க சொன்னது: மத்தியானத்துக்கு மேல அந்தக் கடையில சரக்கு தீந்துடும். அதனால முருகன் காத்திருக்கட்டும்."

கோவில்பட்டியில் டீக்கு நிறுத்தினார்கள். எதிரில் மஞ்சள் எழுத்தில் எஸ்.டி.டி. பூத். "கடைக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று ஜனகராஜ் கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்தார். போர்டே இல்லாத கடைக்கு போன் மட்டும் எப்படி இருக்கும் என்று நல்லவேளையாக ராஜகுருவுக்குத் தோன்றவில்லை.

அவர் போட்டது தெற்கு மாசி வீதி நம்பர். கூட வேலை பார்க்கும் சேக் இஸ்மாயில் எடுத்தார்.

"பாய், நான் மாட்டிக்கிட்டேன். இன்னும் ஒன்றரை மணி நேரத்துல அந்தக் கடையக் காட்டணும்."

"எந்தக் கடைண்ணே?"

"பச்சைக் கதவு."

"அதான் நல்ல கடையாச்சேண்ணே. எங்க வீட்ல ஜெயினம்பு கூட..."

"பாய்! அப்படி ஒரு கடையே இல்ல. நானா சொன்னது."

மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப ரொம்ப லேசுண்ணே. கடைக்காரரு மௌத்தாயிட்டாருன்னு சொல்லிருங்க. செத்த வீட்டுல போயி யாரு மக்ரூன் கேப்பா?"

இவ்வளவு சுலபமான வழி தனக்குத் தோன்றவில்லையே என்று ஜனகராஜ் வியந்தார். முகத்தைத் துடைத்து, சோகத்தை வரவழைத்துக்கொண்டு கூண்டை விட்டு வெளியே வந்தார்.

"போன மாசம் தவறிட்டாராம் சம்பந்தி. நெஞ்சுவலி. கடைய மூடிட்டாங்களாம்." குரல் கொஞ்சம் உடைந்தது கூட. பன்னிரண்டு வருடம் வளர்த்த ஆள் அல்லவா.

வேன் முழுக்க "அடடா" என்றது. ராஜகுரு டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"என்னா பழக்கம் உங்களுக்கு அவரோட! நேர்ல போயி விசாரிக்காம இருந்தா நல்லாவா இருக்கும்? பேயாண்டி, பூக்கடை எங்கன்னு பாரு. ஒரு மாலை வாங்கிக்குவோம். படத்துக்குப் போடணும்."

"வேணாம் சம்பந்தி, கல்யாணத்த வச்சுக்கிட்டு..."

"மக்ரூன் வேற கடையில வாங்கிக்கலாம். மனுசத்தன்மை வேற கடையில கிடைக்குமா?" என்றார் ராஜகுரு. சொன்னது பிடித்துப்போய் அதையும் நோட்டில் எழுதினார்.

ஆக இப்போது ஜனகராஜ், இல்லாத கடையோடு, இல்லாத மனிதன் இறந்துபோன வீட்டையும் கண்டுபிடிக்க வேண்டும். பின்சீட்டில் ஆளுயர ரோஜா மாலை ஒன்று வாழை இலைக்குள் மணந்துகொண்டு வந்தது. பத்மாசினி கிள்ளுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

எட்டயபுரம் போயிற்று. உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று வந்தன. ஐம்பத்துமூன்று வயதில் முதல்முறையாக ஜனகராஜ் கடல் காற்றை மூச்சில் வாங்கினார். அனுபவிக்கிற நிலையில் இல்லை. ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றது.

"இனி நீங்க சொல்லுங்கண்ணே" என்றான் பேயாண்டி.

ஜனகராஜ் கையை நீட்டினார். எதிர்ப்பட்ட ஒரு ரிக்‌ஷாக்காரர் அந்தப் பக்கம் போகிறாரே என்று அந்தப் பக்கம். அப்புறம் ஒரு மீன்கூடைக்காரம்மாவின் பின்னால். கப்பல் கிரேன் ஒன்று தெரிந்ததும் "நேரா, நேரா" என்றார் பலமாக. ஹார்பர் ரோடு வந்தேவிட்டது. வலது கைப்பக்கம் முதல் சந்து. இரண்டாவது.

"மூணாவது சந்து" என்று நோட்டைப் பார்த்துப் படித்தார் ராஜகுரு. "எறங்குங்க எல்லாரும்."

மாலையைத் தாங்கிக்கொண்டு மச்சினர் முன்னால் நடக்க, பன்னிரண்டு பேரும் சந்துக்குள் நுழைந்தார்கள். ஜனகராஜ் சம்பந்தியை ஒட்டி நடந்தார். இதோ பத்தடியில் எல்லாம் முடிந்துவிடும். காவ்யஸ்ரீயிடம் என்ன சொல்வது? மக்ரூன் என்ற ஒரு வார்த்தையைத் தவிர ஏதாவது காரணம் கிடைக்குமா? சம்பந்தியின் கையைப் பிடித்து, "ஒரு நிமிசம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"அங்க போயிப் பேசிக்கலாம். வேப்பமரம் வந்துருச்சு பாருங்க" என்றார் ராஜகுரு.

வேப்பமரம் இருந்தது. வேப்பமரம் எந்தச் சந்தில் இல்லை? ஜனகராஜ் கண்ணை மூடிக்கொண்டு மரத்தைத் தாண்டினார்.

"பச்சைக் கதவு" என்றாள் ஹம்சவேணி.

கண்ணைத் திறந்தார். பச்சைக் கதவு. கிளிப்பச்சை. மேலே போர்டு இல்லை. உள்ளே கண்ணாடி ஜாடிகளில் கூம்பு கூம்பாக, வெள்ளை வெளேரென்று மக்ரூன். முந்திரி வறுபட்ட வாசனை சந்து முழுக்க நிரம்பியிருந்தது. பத்மாசினி புருஷனைப் பார்த்தாள். புருஷன் கதவைத் தொட்டுப் பார்த்தார்.

பெரிய மீசையோடு ஒருவர் எழுந்து வந்தார். "வாங்க வாங்க. மதுரையா?"

"ஆமா" என்றார் ராஜகுரு, துக்கக் குரலில். "பெரியவரு தவறிட்டாருன்னு கேள்விப்பட்டோம்."

"எந்தப் பெரியவரு?"

"இந்தக் கடை ஓனரு."

"ஓனரு நான்தான. வெள்ளைத்துரை."

ராஜகுருவின் கை மெல்ல நோட்டுக்குப் போனது. ஜனகராஜ் பத்மாசினியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

வெள்ளைத்துரை மாலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். மீசையை முறுக்கினார். "நான் செத்துட்டேன்னாவளா? அப்ப போட்டிக்காரன் வேலைதான் அண்ணாச்சி. நம்ம யாவாரத்தப் பாத்து வயிறு எரியுது. எங்க தாத்தா காலத்துக் கடையில்லா இது! அம்பது வருசம்!"

"பாத்தீங்களா சம்பந்தி, என்னா அக்கிரமம்!" என்று ராஜகுருவே கொதித்தார். ஆனாலும் தணிக்கைக்காரர் அல்லவா. ஜனகராஜை முன்னால் இழுத்து நிறுத்தினார். "இவரத் தெரியுதா உங்களுக்கு?"

வெள்ளைத்துரை ஜனகராஜை மேலும் கீழும் பார்த்தார். ஜனகராஜின் உயிர் அந்த மீசையின் நுனியில் ஆடியது.

"தெரியாமலா?" என்றார் வெள்ளைத்துரை. "எங்கப்பா காலத்துல இருந்து வாராவளே. நம்ம பழைய கஸ்டமர்லா!"

ஏன் அப்படிச் சொன்னார் என்று ஜனகராஜுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவர் நிற்கவும் இல்லை; "எப்படி இருக்கீங்க துரை?" என்று பாய்ந்து கட்டிக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. ராஜகுரு நோட்டை மூடிப் பையில் போட்டார். வாங்கி வந்த மாலையை வீணாக்காமல் வெள்ளைத்துரையின் கழுத்திலேயே போட்டார். வெள்ளைத்துரை அதைக் கழற்றாமலே ஐந்நூறு பாக்கெட்டும் கட்டினார்.

ஹம்சவேணி ஒன்றை வாயில் போட்டாள். அது கரைந்ததும், "சம்பந்தி சொன்னா சொன்னதுதான்" என்றாள். மச்சினர், கன்னியாகுமரியில் பாசிமணி எங்கே வாங்கலாம் என்று கேட்டார். ஜனகராஜ் வாயைத் திறந்தவர், பத்மாசினியின் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வேனுக்குப் போனார்கள். மாலையும் கழுத்துமாக வெள்ளைத்துரை அவர்களை வழியனுப்ப ரோடு வரைக்கும் போனார். ஜனகராஜ் மட்டும் பின்தங்கினார். நெஞ்சு லேசாகிவிட்டது, தலைதான் கொஞ்சம் சுற்றியது. தான் சொன்ன சந்து, தான் சொன்ன மரம், தான் சொன்ன கதவு. ஒருவேளை தனக்கு ஏதாவது தெய்வ சக்தி இருக்குமோ என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டார். கேட்டுவிடுவதுதான் நல்லது என்று, உள்ளே ஜாடிகளை நிரப்பிக்கொண்டிருந்த வெள்ளைத்துரையின் மனைவி அழகம்மாளிடம் போனார்.

"ஏம்மா, நெசமாவே அம்பது வருசக் கடையா இது?"

அழகம்மாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவுக அப்படித்தான் எல்லார்ட்டயும் அளப்பாவ அண்ணாச்சி. ஒம்பது வருசம் முன்னால வரைக்கும் இது சைக்கிள் கடை. மதுரையில இருந்து வாரவுகல்லாம் பச்சைக் கதவு எங்க, மக்ரூன் எங்கன்னு கேட்டுக் கேட்டு ஒரு பஞ்சர் ஒட்ட விடல, இல்லன்னு சொல்லிச் சொல்லியே தொண்ட வத்திப் போயித்தான், ஒருநாள் கதவுக்குப் பச்சையடிச்சுட்டு உக்காந்துட்டோம்."